வீட்டில் ஒரு துணை தேவைப்படும்போது

வயது முதிர்ந்த பெற்றோர் தனித்து வாழும் வீடுகளில், ‘இனி இவர்களுக்கு ஒருவர் துணை வேண்டும்’ என்னும் முடிவு பெரும்பாலும் ஒரு விபத்துக்கு மறுநாள்தான் எடுக்கப்படுகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து தந்தையின் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அல்லது அடுப்பில் பால் வைத்ததை மறந்து தாய் உறங்கிப் போயிருப்பார். வெளியூரிலிருந்து விரைந்து வந்த பிள்ளைகள், யாரை அமர்த்துவது, யார் விடுப்பு எடுப்பது, செலவுக்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மருத்துவமனையில் நின்றபடியே பேசிக்கொள்வார்கள். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்க அப்போது நேரம் இராது. சில வேளைகளில் அதைச் சொல்லும் நிலையில் அவர்களும் இருப்பதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நம் நாட்டில் 60 வயதை எட்டியவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்தனர். இன்று அத்தகையோருள் பலருடைய பிள்ளைகள் வேலையின் பொருட்டு வேறு நகரங்களிலும் வேறு நாடுகளிலும் வாழ்கின்றனர். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறோமே என்ற நிம்மதி நமக்கு உண்டு. ஆனால், பிள்ளைகளுக்குக் கவலை தரக் கூடாதென்று ‘எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்லியே பழகிய தலைமுறை அது.

அப்படியானால் எதைக் கொண்டு அறிவது? வயதையோ நோயின் பெயரையோ வைத்து இதை முடிவு செய்ய இயலாது. 85 வயதில் தாமே சமைத்து உண்டு, கோயிலுக்கு நடந்து சென்று வருபவர்கள் இருக்கிறார்கள். 68 வயதில் துணையின்றி இயங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். எந்தெந்த வேலையை அவரால் தாமே செய்துகொள்ள முடிகிறது என்பதையே முதியோர் மருத்துவம் பார்க்கிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸும் அவர் குழுவினரும் 1963இல் ஆறு அடிப்படைச் செயல்களை வகுத்தனர்: குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துதல், உண்ணுதல். பின்னர் 1969இல் லாட்டன், பிராடி என்னும் இருவர் சற்றுச் சிக்கலான எட்டுச் செயல்களை வரிசைப்படுத்தினர்: தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் சென்று பொருள் வாங்குதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், வெளியே சென்று வருதல், மருந்தை முறையாக உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல்.

பொதுவாக, இரண்டாம் வரிசையில் உள்ளவைதாம் முதலில் தளர்கின்றன. குளிக்கிறார், உண்கிறார், நடமாடுகிறார் என்று நாம் ஆறுதல் கொண்டிருக்கும் காலத்திலேயே மருந்தும் பணமும் அவர் கையை விட்டு நழுவத் தொடங்கியிருக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வங்கியில் இருக்கும் எங்களுக்கு உரிமை உண்டு. ஒரு கணக்கைக் கையாள நினைவு, எண்ணறிவு, பார்வை, கையின் உறுதி, முடிவெடுக்கும் திறன் ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதன் சுவடு கணக்கில் விழுந்துவிடுகிறது. கையொப்பம் பொருந்தவில்லை என்று காசோலை திரும்புகிறது. ஒரு மாத மின்கட்டணம் இருமுறை செலுத்தப்படுகிறது. அடுத்த மாதத்தது செலுத்தப்படாமலே போகிறது. டெபிட் கார்டின் உறையிலேயே இரகசிய எண் எழுதப்பட்டிருக்கிறது. நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர மறந்ததால் ஓய்வூதியம் நின்றுபோகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒருமுறை நிகழ்ந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. மறதி எல்லா வயதினருக்கும் உரியதே. ஆனால், நாற்பது ஆண்டுகளாக அன்றாட வரவு செலவை நோட்டில் எழுதி வந்தவர் அந்த நோட்டையே கைவிட்டுவிட்டார் என்றால் அதற்குப் பொருள் உண்டு.

முன்பின் அறியாத பெயர்களுக்குப் பணம் சென்றிருந்தால் தாமதிக்கக் கூடாது. காவல்துறை அதிகாரிபோல வீடியோ அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் முதியோரைத் தேடிப் பிடிக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். ஏமாந்ததை வெட்கத்தால் மறைப்பவர்களே மிகுதி, ‘இதுகூடத் தெரியாதா?’ என்று பிள்ளைகள் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

மற்ற அறிகுறிகளைக் காண நேரில் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் ஒரு வேளை விருந்துக்குச் சென்று திரும்பினால் போதாது. பிள்ளைகள் வரும் நாளில் பெற்றோர் தம் வலிமையையெல்லாம் திரட்டிக்கொள்வார்கள். வீடு துலக்கமாக இருக்கும், சமையல் தடபுடலாக நடக்கும். மூன்றாம் நாள்தான் உண்மை நிலை தெரியும். மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள்: மீதமிருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியில் கெட்டுப்போன உணவு இருக்கிறதா? உடை தளர்ந்து தொங்குகிறதா? சுவரைப் பிடித்தே நடக்கிறாரா? நாள்தோறும் கூடிப் பேசும் நண்பர்களிடம் செல்வதை நிறுத்திவிட்டாரா? வீட்டு வேலைக்கு வருபவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் ஒரு சொல் கேட்டுவைப்பது நல்லது; அவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ட மாற்றத்தையெல்லாம் முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டொரு நாளில் குழம்பிப் பேசினால் அது மருத்துவ அவசரம். சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை இத்தகைய குழப்பத்தை உண்டாக்கும். உரிய சிகிச்சையால் இது பெரும்பாலும் நீங்கும். மெல்ல மெல்ல வரும் சோர்வுக்கும் மறதிக்கும் பின்னால் தைராய்டுக் குறைபாடோ, வைட்டமின் பி12 குறைபாடோ, மனச்சோர்வோ இருக்கலாம். காது மங்கியவர் பதில் சொல்லாததை அறிவு மங்கியதாக நாம் எண்ணிவிடுகிறோம். கண்புரை வந்தவர் ரசீதைப் படிக்க இயலாமல்தான் கட்டணத்தைக் கட்டாமல் விட்டிருப்பார். ஆகவே ஆளை அமர்த்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மனைவியை இழந்த தந்தைக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றால் அது தளர்ச்சி ஆகாது. அவர் என்றுமே சமைத்ததில்லை. கணவரை இழந்த தாய் காசோலை நிரப்பத் தடுமாறினால் அவர் அதைக் கற்கவே வாய்ப்பில்லாமல் இருந்திருப்பார். முன்பு செய்த எதை இப்போது அவரால் செய்ய முடியவில்லை என்றுதான் பார்க்க வேண்டும்.

இடைவெளி எங்கே என்று தெரிந்துவிட்டால் உதவியை அதன் அளவுக்கே தரலாம். கட்டணங்கள் மட்டும் தவறுகின்றன என்றால், அவை கணக்கிலிருந்து தாமாகவே செலுத்தப்பட ஏற்பாடு செய்தால் போதும். மருந்துக்கு, கிழமைவாரியாக அறை பிரித்த பெட்டி போதுமானதாக இருக்கலாம். குளிக்கத் துணை வேண்டுமெனில் காலையில் இரண்டு மணி நேரம் வரும் உதவியாளர் போதும். கூடவே, குளியலறையில் கைப்பிடி பொருத்தவும் வழுக்காத தளம் இடவும் வேண்டும். தொடக்கத்திலேயே முழுநேர ஆளை அமர்த்தி, காய் நறுக்குவதைக்கூட அவரிடமிருந்து பறித்துவிட்டால், எஞ்சியிருக்கும் திறனும் பயன்பாடின்றித் தேய்ந்துபோகும். ‘அப்பா, இனி உங்களால் முடியாது’ என்பதைவிட, ‘ஒருவர் வந்துபோனால் எங்களுக்கு அங்கே நிம்மதியாக இருக்கும்’ என்று சொன்னால் அவர் இசைய வாய்ப்பு அதிகம். அது உண்மையும்கூட.

முன்கூட்டியே அறிவதன் பயன் சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. ‘பவர் பத்திரம்’ என்று பேச்சில் வழங்கும் அதிகார ஆவணத்தை, மனத்தெளிவு உள்ளபோதுதான் ஒருவர் எழுதிக்கொடுக்க முடியும். எழுதிக்கொடுத்தவர் பின்னாளில் மனத்தெளிவை இழந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்த அதிகாரமும் முடிவுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு கணக்கைக் கையாளப் பிள்ளைகள் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். நாமினியாகப் பெயர் இருப்பதே போதும் என்று நினைப்பதும் தவறு. கணக்கு உடையவர் வாழும்வரை நாமினிக்கு எந்த உரிமையும் இல்லை. பெற்றோர் தெளிவோடு இருக்கும்போதே, அவர்கள் விரும்பினால், ‘இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். முழுச் சேமிப்பையும் அப்படி மாற்ற வேண்டியதில்லை. வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு கணக்கு இருந்தால் போதும். அவர்களுடைய கார்டையும் ஓடிபி எண்ணையும் வாங்கிப் பயன்படுத்துவது, பெற்ற பிள்ளையே செய்தாலும், முறையான அதிகாரம் ஆகாது. வீட்டுக்கு வரும் உதவியாளரிடம் அவற்றை ஒருபோதும் தரக் கூடாது. அவரை அமர்த்துமுன் காவல் நிலையம் வழியாகச் சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.

கிளைக்கு வர இயலாதவர்களுக்கும் வழிகள் உள்ளன. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நாட்பட்ட நோய் அல்லது உடற்குறை உள்ளவர்களுக்கும் பணம் கொடுத்தல், பெறுதல், வாழ்நாள் சான்றிதழ் பெறுதல் போன்ற சேவைகளை வீட்டுக்கே சென்று வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மத்திய அரசு ஓய்வூதியருள் 80 வயதை எட்டியவர்கள் அக்டோபர் 1ஆம் நாள் முதலே வாழ்நாள் சான்றிதழ் தரலாம். திறன்பேசியில் முகத்தைக் காட்டி, ‘ஜீவன் பிரமாண்’ வழியாக வீட்டிலிருந்தும் அனுப்பலாம். கையொப்பமிட முடியாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க இயலும். அதற்கு வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த அதிகாரியை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புமாறு கிளை மேலாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வங்கி சாராத உதவிகளுக்கும், முதியோர் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் புகார் செய்வதற்கும், நாடு முழுவதும் இயங்கும் முதியோர் உதவி எண் 14567. அதற்குக் கட்டணம் இல்லை.