வேட்டைக் குடிலில் பிறந்த ஆல்பம்

2006-ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், காட்டுக்குள் அப்பா வைத்திருந்த வேட்டைக் குடிலுக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தார் பாடகர் ஜஸ்டின் வெர்னன். இசைக்குழு கலைந்துவிட்டது, காதலும் முறிந்துவிட்டது, உடம்பும் சரியில்லை. பாட்டுப் போடப் போனவர் இல்லை. சும்மா இருக்கத்தான் போனார். பசித்தால் மான்கறி. கையோடு ஒரு பழைய கிடார், கணினி, எஸ்எம்57 மைக். கச்சேரி மேடையில் டிரம்ஸ் பக்கத்தில் நிற்குமே, அதே விலை குறைந்த மைக்தான்!

வெளியே பனி. கூடப் பாட ஆளில்லை. அதனால் என்ன? மேல்ஸ்தாயியில் கள்ளக்குரல் எடுத்து ஒரு வரியைப் பாடிப் பதிவு செய்வார். ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் மறுபடி பாடுவார். பிறகு அதன்மேலும் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் சுருதி இம்மியளவு விலகும், மூச்சு முன்னே பின்னே விழும். ஒரே ஆள் ஒரு கூட்டமாகக் கேட்பது அந்தப் பிசிறால்தான். ஒரே பதிவை நகலெடுத்து அடுக்கிப் பாருங்கள், சத்தம் கூடுமே தவிர கூட்டம் சேராது.

அங்கே பதிவு செய்த பாடல்களை 2007-இல் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' என்ற ஆல்பமாகத் தானே வெளியிட்டார். முதலில் போட்டது சில நூறு சிடிகள்தான். மறு ஆண்டு ஜாக்ஜாகுவார் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 2012-இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருது. அதை அவர் வாங்கியது 'பான் ஈவேர்' என்ற பெயரில். பிரெஞ்சு மொழியில் 'நல்ல குளிர்காலம்' என்பதை எழுத்து மாற்றி அவர் வைத்துக்கொண்டது.