வயிற்றுக்குள் குழந்தை அசைவு குறைகிறதா?

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா உதைச்சிக்கிட்டு இருந்துச்சும்மா... காலையிலேருந்து அவ்வளவா அசையல."

நிறைமாத மகள் இப்படிச் சொன்னால் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான்: "தலை இறங்கிடுச்சு, உள்ளே இடம் பத்தல. வலி எடுக்கிற சமயத்துல அப்படித்தான் அடங்கிடும். சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டுப் படு."

அம்மாவின் அன்பில் குறையில்லை. பதில்தான் தப்பு! கடைசி மாதத்தில் உதைப்பது குறைந்து, உருளுவது போலவோ நெளிவது போலவோ தெரியலாம். ஆனால் அசைவின் எண்ணிக்கை குறையக் கூடாது. நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத குழந்தை, சக்தியை மிச்சப்படுத்த கை, கால் ஆட்டத்தைத்தான் முதலில் குறைத்துக்கொள்ளும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும்.

28 வாரம் தாண்டியவர்கள், சந்தேகம் வந்தால் இடதுபக்கமாகப் படுத்து 2 மணி நேரம் எண்ணுங்கள். விக்கல் கணக்கில் சேராது. 10 அசைவு வரவில்லையா, கிளம்பிவிடுங்கள். அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

சரி, எங்கே கிளம்புவது? கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் இதுதான் பெரிய கேள்வி. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த பெண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரசவம் என்று முடிவு செய்திருப்பார். சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு அது நல்ல இடம்தான். ஆனால் அசைவு குறைந்துவிட்டால் அந்த ஏற்பாட்டை மாற்றத்தான் வேண்டும். நர்ஸம்மா கருவியை வைத்து, "துடிப்பு கேக்குது" என்று சொல்வது மட்டும் போதாது. வயிற்றில் பெல்ட் கட்டி, 20 நிமிடமாவது துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி. பரிசோதனை வேண்டும். பனிக்குட நீரைப் பார்க்க ஸ்கேன் வேண்டும். அவசரமென்றால் சிசேரியன், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். செஞ்சி ரோட்டில் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. (வீட்டிலேயே பிரசவம் என்ற பேச்சை இந்த நிலையில் எடுக்கவே கூடாது.)

பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். அதுவும் பௌர்ணமி, தீபம் என்றால் கிரிவலக் கூட்டத்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பணம் கிடையாது. "வலி வரலையே, எப்படிக் கூப்பிடறது?" என்று தயங்க வேண்டாம். "நிறைமாசம், குழந்தை அசையல" என்று சொன்னாலே போதும். கர்ப்பகாலப் பதிவுப் புத்தகமும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

போன பிறகு பெரும்பாலானவர்களுக்கு, "குழந்தை நல்லாயிருக்கு" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். "வீணா அலைஞ்சோமே" என்று மாமியார் முணுமுணுக்கலாம், முணுமுணுக்கட்டும். நாலு நாள் கழித்து மறுபடி அசைவு குறைந்தால், கூச்சப்படாமல் மறுபடியும் போங்கள். இரண்டாம் முறை வருபவரை டாக்டர்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.