காயமுற்ற கால்நடைகளுக்கும் நாய்களுக்கும் செய்யத்தக்க முதலுதவி

மாட்டிற்கோ காவல் நாய்க்கோ விபத்து நேரிடுவது பெரும்பாலும் வைத்தியர் அருகில் இல்லாத வேளையிலேயாம். அத்தருணத்தில் உடையவர் செய்வதும் செய்யாது விடுவதும் பிராணியின் உயிரையே நிர்ணயிக்கக்கூடும். முதலுதவி என்பது வைத்தியமன்று. வைத்தியர் வரும்வரை தீங்கு மிகாதபடி காப்பதேயாகும். குடியானவர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய சில முறைகள் அடியிற் கூறப்படுகின்றன.

முன் ஜாக்கிரதை.— வலியால் வருந்தும் பிராணி தன்னை வளர்த்தவரையும் கடிக்கும், முட்டும். ஆதலின், நாயின் வாயைத் துணிப்பட்டையால் கட்டிய பின்னரே காயத்தைத் தொடவேண்டும். மூச்சுத் திணறுகின்ற அல்லது வாந்தியெடுக்கின்ற நாய்க்கு வாய்க்கட்டு கூடாது.

இரத்தப் பெருக்கு.— சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 5 நிமிஷத்திற்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல், அதன்மீதே வேறு துணியை வைத்து அழுத்துக. எடுத்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் ஒழுகும். கொம்பு முறிந்தவிடத்தும் இம்முறையே ஏற்றது. சிறு காயங்களைக் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவலாம். சாணம், மண் இவற்றை அப்புதல் பெருந்தவறு. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமிகள் அவற்றில் உறைவன. ஈ மொய்க்காவண்ணம் காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவுக.

வயிற்றுப் பொருமல்.— இளம் பயறுவகைத் தழையையோ தானியத்தையோ மிகுதியாகத் தின்ற மாட்டிற்கு இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பும். தீனிப்பையில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றித் தேங்குவதே இதற்குக் காரணம். உப்பிய வயிறு நுரையீரலை நெருக்குவதால் சில மணி நேரத்தில் மாடு மூச்சு முட்டி இறக்கக்கூடும். முன்னங்கால்கள் மேட்டில் இருக்குமாறு அதை நிறுத்தி, கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை கடலையெண்ணெய் புகட்டுக. தலையை மிக உயர்த்தாமலும், நாக்கைப் பற்றி இழுக்காமலும், கடைவாய் வழியே சிறிது சிறிதாக விடவேண்டும். இருமினால் உடனே நிறுத்துக. எண்ணெய் நுரையீரலில் புகுந்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாம். மாடு தள்ளாடினாலும் படுத்துவிட்டாலும் எதையும் புகட்டாமல் வைத்தியரை விரைந்து அழைக்கவேண்டும்.

பாம்புக்கடி.— கடிவாயைக் கீறுதலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும் பயனற்றவை, தீங்கும் விளைப்பவை. பிராணியை நடத்தாமல், வண்டியிலேற்றி வைத்தியசாலை சேர்க்கவேண்டும்.

மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் எப்பிராணிக்கும் கொடுத்தல் கூடாது. பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சாகும்.

வெறிநாய்க்கடி.— இஃது எல்லாவற்றினும் கவனத்திற்குரியது. கையை உறையால் மூடிக்கொண்டு, கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே வைத்தியரிடம் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும். 1885-ஆம் வருஷத்தில் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இந்நோய்க்குரிய ஊசியை முதன்முதல் மனிதருக்கு வழங்கினார்; 1907-இல் நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. எனினும், நோய்க்குறி தோன்றிய பின் பிராணியைக் காக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

வெறிநோய் கண்ட மாடு விழுங்கமாட்டாமல் எச்சில் ஒழுக்கி, கரகரத்த குரலில் ஓயாது கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியதென்று எண்ணி அதன் வாய்க்குள் கையை விடுவோர் பலர். அவ்வெச்சில் கையிலுள்ள சிறு கீறல் வழியே புகினும் மனித உயிருக்கு முடிவாம். ஆகையால், அத்தகைய மாட்டைத் தனியே கட்டி, ஒருவரும் நெருங்காதபடி செய்க. எச்சில் பட்டவர் உடனே சோப்பிட்டுக் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள், வெறிநாய் திரிவதாகக் கேள்வியுற்றதும் கால்நடை வைத்தியருக்குத் தெரிவித்து, கடியுண்ட பிராணிகளை வீடுதோறும் விசாரித்தறிதல் நலம். நாய்களுக்கு வருஷந்தோறும் தடுப்பூசி போடுவிப்பதே ஊர் முழுவதற்கும் காவலாகும். அவசர காலத்தில் 1962 என்னும் எண்ணிற்குத் தொலைபேசியில் கூறினால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவியைப் பெறலாம். சுத்தமான துணி, உப்பு, சோப்பு, வேப்பெண்ணெய் ஆகியவற்றை ஒரு பெட்டியிலிட்டுத் தொழுவத்தருகே வைத்திருப்பது ஒவ்வொரு குடியானவருக்கும் எளிதே.