தொட்டிக்குள் ஒரு மழைக்காலம்

ஆற்றில் பிடித்து வந்த வெப்பமண்டல மீன்கள், நன்றாகத் தின்று வளர்ந்தாலும், தொட்டியில் ஆண்டுக்கணக்கில் முட்டையிடாமல் இருப்பதுண்டு. தீனியும் துணையும் மட்டும் அவற்றுக்குப் போதாது. பருவம் மாறியதற்கான அறிகுறி வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. அங்கே பருவத்தை அறிவிப்பவை மழையும் வெள்ளமும்தான்.

அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோ, மனாவுஸ் நகரருகே ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. வெள்ளம் கரையோரக் காட்டுக்குள் புகும்போது குஞ்சுகளுக்கு நுண்ணிய இரையும் ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கின்றன. புதுவெள்ளத்தில் மீன் ஏறுவதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

வெள்ளம் வருவதை மீன் எப்படி அறிகிறது? ஜெர்மன் உயிரியலாளர் ஃபிராங்க் கிர்ஷ்பாம் 1970களில் ஐகன்மானியா என்ற தென் அமெரிக்க மின்மீனைக் கொண்டு விடை தேடினார். மழைநீர் கலந்தால் ஆற்றில் உப்புச்செறிவு குறைந்து மின்கடத்துத்திறன் இறங்கும். அதுபோலவே தொட்டியிலும் மின்கடத்துத்திறனைப் படிப்படியாகக் குறைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மேலிருந்து மழைபோல் நீர் தெளித்தார். மீன்களுக்குச் சினை முதிர்ந்தது, முட்டையும் இட்டன. ஆப்பிரிக்க மின்மீன்கள் சிலவற்றுக்கு மின்கடத்துத்திறன் மாற்றம் ஒன்றே போதுமாயிருந்தது.

இத்தகைய அறிகுறிகள் மூளை வழியே பிட்யூட்டரி சுரப்பியை எட்ட, அதன் ஹார்மோன்கள் சினையை முதிரச் செய்கின்றன. குறுக்குவழியும் உண்டு: 1957இல் ஒடிசாவில் மீன்வள ஆய்வாளர்களான ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்னியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். ஒரு அங்குல அலங்கார மீனுக்கு ஊசி போடுவது அத்தனை எளிதல்ல.

ஆகவே வளர்ப்போர் பருவத்தையே உண்டாக்குகிறார்கள். முதலில் கோடை: சில வாரங்களுக்கு நீர்மட்டத்தைத் தாழ்த்தி, நீரைச் சற்று வெதுவெதுப்பாக வைத்து, தீனியையும் நீர் மாற்றுவதையும் குறைப்பார்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். கோடையைக் காணாத மீனுக்கு மழை பெரிய செய்தியாக இருப்பதில்லை. பிறகு சில டிகிரி குளிர்ந்த மழைநீரோ ஆர்.ஓ. நீரோ சிறிது சிறிதாகச் சேர்த்து, கொசுப்புழு போன்ற உயிருள்ள இரையைத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரேயடியாக மாற்றினால் மீன் செத்துப்போகலாம்.

கோரிடோராஸ் கெளுத்திகள் இதற்கு எளிதில் இணங்குபவை. காற்றழுத்தம் சரியும் இடிமழை நாட்களில் அவை முட்டையிடுவதாக வளர்ப்போர் பலர் சொல்வதுண்டு. கார்டினல் டெட்ரா அப்படியல்ல. அமிலத்தன்மையுள்ள, உப்பு ஏறக்குறைய இல்லாத நீர் வேண்டும். முட்டைகளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் தொட்டியை இருட்டாக்கவும் வேண்டும். இத்தனை சிரமத்தால் அந்த மீன் நெடுங்காலம் ரியோ நெக்ரோவின் பார்செலோஸ் வட்டாரத்தில் ஆற்றிலிருந்து பிடித்தே உலகெங்கும் விற்கப்பட்டது.