பழவேற்காட்டுக் கரையில் புறக்கடைக் கோழிகள்

பொன்னேரி வட்டத்தின் கிழக்கே, கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கும் மீனவக் குப்பங்களில் புறக்கடைக் கோழிக்கு உப்பு, ஈரம், வெள்ளைக்கழிச்சல் என்று மூன்று பகை உண்டு. கீரியும் பருந்தும் கண்ணில் படுவதால் கூடு கட்டும்போது அவற்றின் நினைப்பே முன்னால் வருகிறது. ஆனால் கீரி ஒன்றிரண்டைத் தூக்கிப் போகும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலியாகும். கையில் இருக்கும் பணத்தில் கூட்டின் அழகைக் குறைத்துக்கொண்டு தடுப்பூசிக்கு ஒதுக்குவது மேல்.

பகலெல்லாம் மேய்ந்து திரியும் கோழிக்கு, கூடு இராத்தங்கலுக்கு மட்டும்தான். பத்துக் கோழிக்கு நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள கூடு தாராளம். அது தரையைத் தொடாமல் இரண்டு, மூன்றடி உயரக் கால்களில் நிற்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் இந்த மணல் தரையின் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தின் தாழ்வான இடங்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. தரையில் இருக்கும் கூட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கால்களுக்குச் சவுக்குக் கம்பு போதும். புதையும் பகுதிக்குத் தார் பூசி, கூட்டை நான்கு மூலையிலும் கயிற்றால் முளையடித்துக் கட்டிவிட்டால் காற்றுக்கு அசையாது.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாகவே விழும். மழையும் வாடையும் அடிக்கும் வடக்கையும் கிழக்கையும் அடைத்து, தெற்கைக் காற்றுக்குத் திறந்து விடலாம். தகரக் கூரை மே மாதத்தில் கொதிக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். பனையோலையோ தென்னங்கீற்றோ போடுவது நல்லது. தகரம்தான் இருக்கிறதென்றால் அதன் மேல் கீற்று பரப்பலாம். தளத்தை அரை அங்குல இடைவெளிவிட்ட மூங்கில் பட்டையால் அமைத்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். உட்கார ஒன்றரை, இரண்டு அங்குலத் தடிமனில் உருண்டைக் கம்பு வேண்டும். சாதாரணக் கம்பிவலை உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகும் என்பதால் பிளாஸ்டிக் பூசிய வலைதான் கடலோரத்துக்கு ஏற்றது.

பழைய மீன்பிடி வலை எல்லா வீட்டிலும் கிடக்கும். குஞ்சுகள் மேயும் இடத்துக்கு மேலே அதை விரித்துக் கட்டினால் செம்பருந்தும் காகமும் இறங்க முடியாது. கீரிக்கும் பெருச்சாளிக்கும் நைலான் வலை ஒரு பொருட்டே இல்லை, கடித்துவிட்டு நுழையும். ஆகவே பக்கச்சுவருக்கு அது உதவாது. மெல்லிய நரம்பு வலையோ கோழியின் காலில் சிக்கிச் சதையை அறுக்கும். தடித்த நூல் வலையை, தரையில் புரளாதபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

தீனியிலும் இதே கதைதான். மீன் தலை, குடல், இறால் தலை எல்லாம் புரதம் மிகுந்தவை. உப்புப் போடாமல் வேகவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து இடித்து, நொய், தவிடு, கம்புடன் கலந்து கொடுக்கலாம். மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கருவாட்டுக் கழிவு இதில் சேராது, அதிலுள்ள உப்பே குஞ்சைக் கொன்றுவிடும். வலையில் சிக்கும் பேத்தை மீனின் ஈரலிலும் குடலிலும் கொடிய நஞ்சு இருப்பதால் அதைக் கொல்லைப்புறத்தில் எறியவே கூடாது. அழுகிய மீனில் நெளியும் புழுவைக் கோழி ஆசையாகப் பொறுக்கும். அந்தப் புழு வழியாக ஒருவகை நஞ்சு ஏறி, கழுத்துத் தொங்கி, கோழி சாகும். இறைச்சிக்கு அறுப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மீன் தீனியை நிறுத்தாவிட்டால் குழம்பில் மீன் வாடை வரும்.

கரை தரும் பொருள்களில் வில்லங்கமே இல்லாதது கிளிஞ்சல். முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், கிளிஞ்சலும் அதேதான். கழுவிக் காயவைத்து, பட்டாணி அளவுக்கு உடைத்துத் தனிச் சட்டியில் வைத்தால் முட்டையிடும் பெட்டை வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும். தண்ணீர் விஷயத்தில் சலுகை கூடாது. உவர்நீர் குடிக்கும் கோழியின் எச்சம் நீர்த்துப்போகும், முட்டை ஓடு மெலியும், குஞ்சுகள் தேறாது. ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவில்தான் குடிக்கும். வீட்டார் குடிக்கும் தண்ணீரையே வைப்பதில் பெரிய இழப்பில்லை.

எந்த இனம் என்ற கேள்விக்குக் குப்பத்து வீட்டில் நாட்டுச் சிறுவிடையே நல்ல விடை. வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்திய இனங்கள் அதைவிடக் கூடுதலாக முட்டையிடும், எடையும் கூடும். ஆனால் ஒழுங்காக அடைகாக்காது, பருந்தைக் கண்டு பாய்ந்து ஒளியவும் தெரியாது. சிறுவிடை பத்துப் பன்னிரண்டு முட்டையின் மேல் 21 நாள் உட்கார்ந்து பொரித்துவிடும். ஒரு வாரத்துக்கு மேலான முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது. இடிச் சத்தத்தில் முட்டை கூழாகும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடும் வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் முட்டை கெடுவது ஈரத்தாலும் குளிராலும். கூடையை நனையாத இடத்தில் வைத்தால் இரும்பு தேவைப்படாது. பொரித்த குஞ்சுகளை முதல் சில வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் காகத்திடம் இழப்பது பெருமளவு குறையும்.

வெள்ளைக்கழிச்சலை ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சிரைத்து, கழுத்துத் திருகிக்கொள்ளும். வந்தபின் மருந்தில்லை. குஞ்சு பிறந்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். குடற்புழு மருந்தை ஊசிக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடலாம். தமிழக கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இதற்கென்று இலவச முகாம் நடத்துகிறது. மருந்துக் குப்பி வெயில் பட்டால் வீணாகும். மீன் இறங்கும் இடத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லாததால், பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவது இங்கே எளிது. ஒரு குப்பியில் நூறு கோழிக்குக் குறையாத மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், தெருவார் சேர்ந்து ஒரே காலையில் எல்லாக் கோழிக்கும் போட்டுக்கொள்வதே கட்டுப்படியாகும். ஒரு வீடு விட்டுப்போனால் நோய் அங்கே தங்கிவிடும்.

ஏரியை நம்பி வரும் பறவைகளாலும் ஒரு கவலை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரையும் காட்டு வாத்துகளும் பழவேற்காட்டில் திரளும். பறவைக் காய்ச்சல் கிருமியைக் காட்டு வாத்துகள் நோய்க்குறி இல்லாமலே சுமக்கக்கூடும். 2024 பிப்ரவரியில் அண்டை மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளிடம் இந்த நோய் கண்டறியப்பட்டது. அந்த மாதங்களில் கோழிகளை ஏரி விளிம்புச் சேற்றுக்கு மேய விடாமல் இருப்பதும், வீட்டு வாத்தையும் கோழியையும் தனித்தனியே அடைப்பதும் நல்லது. சட்டென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் அறுக்கவோ விற்கவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி, அவர்கள் பார்த்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். மற்றபடி செத்த கோழியை ஏரியில் எறியாமல், நீர் ஊறாத மேட்டில், குடிநீர்க் குழாய்க்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி மூட வேண்டும்.