ரைபிள் மேகசின் ஏன் சிக்குகிறது? கடம்பத்தூர் பட்டறைகளும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்!

துப்பாக்கி என்றதும் எல்லோர் கண்ணும் பேரல் மேலதான் போகும். ஆனால் சுடும் நேரத்தில் காலை வாரிவிடுவது, கீழே மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியாகவும் இருக்கலாம். அதுதான் தோட்டா அடுக்கும் மேகசின். அது ஏன் சிக்குகிறது? நம்ம ஊர் மோல்டிங் பட்டறைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

மேகசின் எப்படி வேலை செய்கிறது?

மொத்தம் நாலே சமாச்சாரம். வெளி உறை, உள்ளே ஒரு ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளும் தட்டு, தோட்டா வெளியே தெறிக்காமல் பிடிக்கும் மேல் விளிம்புகள். இதில் ஒன்று பிசகினாலும் தோட்டா சாய்ந்துவிடும், துப்பாக்கி ஜாம் ஆகிவிடும்.

கார்கிலில் என்ன நடந்தது?

1999 கார்கில் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிள். புனேயில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் வடிவமைத்தது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரானது. அதன் மேகசின் 20 தோட்டா பிடிக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி. மலை உச்சியின் கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டதாகவும், ரைபிள் ஜாம் ஆனதாகவும் புகார்கள் கிளம்பின. எதிரி எதிரே நிற்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

நல்ல கம்பெனி மேகசினும் சிக்குமா?

சிக்கும். அமெரிக்காவில் மேக்புல் நிறுவனத்தின் 'பிமேக்' வீரர்களிடையே ரொம்பப் பிரபலம். ஆனால் மரைன் படையின் எம்27 ரைபிளில் அதன் பழைய மாடல் சரியாக உட்காரவில்லை. 2012-ல் மரைன் படை அதற்குத் தடை போட்டது. வடிவம் மாற்றிய புது மாடலுக்கு 2016-ல்தான் அனுமதி கிடைத்தது. ரைபிளும் நல்லது, மேகசினும் நல்லது. ஒன்றுக்கொன்று அளவு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் ஆயுதக் கிடங்கின் பயிற்சி பெற்ற ஆர்மரர். தோட்டா முழுவதையும் எடுத்து, சேம்பர் காலி என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும்.

* ஒரே மேகசின் எல்லா ரைபிளிலும் சிக்கினால், கோளாறு மேகசினில்.
* எல்லா மேகசினும் ஒரே ரைபிளில் சிக்கினால், கோளாறு ரைபிளின் குழியில் அல்லது பிடிப்புக் கொக்கியில். மேகசின்களுக்கு நம்பர் போட்டு வைத்தால் இது சட்டென்று தெரியும்.
* காலியாக இருக்கும்போதே சிக்கினால் வெளி அளவு அதிகம், அல்லது ஓரத்தில் பிசிர் நிற்கிறது. உரசிப் பளபளக்கும் இடமே காட்டிக்கொடுக்கும்.
* நிரப்பினால் மட்டும் சிக்கினால், உள் அழுத்தத்தில் உறை உப்புகிறது.
* தோட்டா மேலே ஏறத் திணறினால் உள்ளே மணல், தூசு, அல்லது தளர்ந்த ஸ்பிரிங். எண்ணெயை ஊற்றினால் தூசு இன்னும் ஒட்டும்.

மேல் விளிம்பை அரம் போட்டுத் தேய்ப்பது ஆபத்து. விளிம்பு கெட்ட மேகசினை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பிளாஸ்டிக்கில் என்ன சிக்கல்?

காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மோல்டிங் மெஷினில் நிற்பவர்களுக்கு இது புதுசு இல்லை. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது பொருளைப் பொறுத்தது. கண்ணாடி இழை கலந்த நைலான் குறைவாகச் சுருங்கும், கலக்காதது அதிகம் சுருங்கும். போதாததற்கு, நைலான் காற்றின் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் ஊதும். 22 மி.மீ. அகலத்தில் 1% வித்தியாசம் என்றாலே 0.22 மி.மீ. இறுக்கமான குழியில் சிக்குவதற்கு அது போதும். அளவு மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் அடித்த காப்பி மேகசின் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆர்டர் வந்தால் எடுக்கலாமா?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. டாங்கி தயாரிக்கும் ஆவடி, கடம்பத்தூரில் இருந்து அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. அதனால் முறையான பாதுகாப்பு ஆர்டர் சின்னப் பட்டறைக்கும் வரலாம்.

ஆனால் யாரோ ஒருவர் சாம்பிளை நீட்டி, "சும்மா ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான்" என்று சொன்னால் உஷார். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோத ஆயுதத் தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

எனவே டிராயிங் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது எந்தப் பொருளின் பாகம்? உரிமம் யாரிடம் இருக்கிறது? எழுத்துப்பூர்வமாகப் பதில் வராத ஆர்டர், எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் வேண்டாம்.