ஒரே 88 சதவீதம், மூன்று விதமான மெயில்: டாக்டர்களுக்கு ஃபீட்பேக் எழுதும் மென்பொருள்

ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர்களைப் படுத்துவது வலி மட்டுமல்ல, வாந்தியும்தான். தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் சுமார் 30 சதவீதம் பேருக்கு வாந்தி வரும். ரிஸ்க் அதிகமுள்ளவர்களில் 80 சதவீதம் பேர் வரை குமட்டலிலோ வாந்தியிலோ அவதிப்படலாம். ஆனால், மயக்க மருந்து கொடுத்த டாக்டர் இதைப் பார்ப்பது அபூர்வம். நோயாளி வார்டில் அவஸ்தைப்படும் நேரத்தில் அவர் தியேட்டரில் அடுத்த கேஸுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்.

செய்த வேலை எப்படி முடிந்தது என்றே தெரியாவிட்டால் எப்படித் திருத்திக்கொள்வது?

இதற்காகவே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ‘எம்.பி.ஓ.ஜி.’ என்ற பல மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, மயக்கவியல் டாக்டர்களுக்கு மாதாமாதம் ஒரு மெயில் அனுப்புகிறது. வாந்தித் தடுப்பு மருந்து தேவைப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கொடுத்தீர்கள், ஆபரேஷனின்போது உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டீர்களா என்று அளவுகோல் வாரியாகக் கணக்கு வரும். மருத்துவ உலகில் இதற்கு ‘ஆடிட் அண்ட் ஃபீட்பேக்’ என்று பெயர்.

ரிப்போர்ட் அனுப்பினால் போதுமா?

போதாது. நம் அப்ரைசல் மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங்கைப் பார்ப்போம், பெருமூச்சு விடுவோம், மூடிவிடுவோம். டாக்டர்களும் மனிதர்கள்தானே!

இந்த முறை பற்றிய 140 ஆய்வுகளை 2012-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. சரியான சிகிச்சை முறையைப் பின்பற்றுவது நடுத்தரமாக 4.3 சதவீதப் புள்ளிகள்தான் கூடியிருந்தது. கால்வாசி ஒப்பீடுகளில் அரைப் புள்ளிகூடத் தேறவில்லை. இன்னொரு கால்வாசியில் 16 புள்ளி, அதற்கும் மேல்! ஆக, ஃபீட்பேக் கொடுப்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பொதுவாக ஃபீட்பேக் பற்றி க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் சங்கடமானது: மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது.

சரியான ஆளிடம் சரியான ஒப்பீடு போனால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2014-ல், தங்கள் பகுதியிலேயே அதிகமாக ஆன்டிபயாடிக் எழுதும் 20 சதவீத கிளினிக்குகளுக்கு மட்டும் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெயரில் கடிதம் போனது. ‘உங்கள் பகுதியில் பெரும்பாலானவர்கள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகிறார்கள்’ என்பதுதான் சாரம். ஆறு மாதத்தில் சுமார் 73,000 ஆன்டிபயாடிக் சீட்டுகள் குறைந்தன. அதே ஒப்பீட்டை ஏற்கெனவே குறைவாக எழுதுபவரிடம் காட்டியிருந்தால்? ‘நாமதான் நல்லா பண்றோமே’ என்று அவர் கொஞ்சம் தளர்ந்திருக்கவும் கூடும்.

மென்பொருள் என்ன செய்கிறது?

யாருக்கு எந்த ஒப்பீடு என்ற இந்தத் தேர்வைத்தான் கம்ப்யூட்டரிடம் கொடுக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸாக் லாண்டிஸ்-லூயிஸ் குழு இதை ‘துல்லிய ஃபீட்பேக்’ என்கிறது. இவர் முன்பு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் இதே சிக்கலை ஆராய்ந்தவர்.

ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று டாக்டர்கள், மூவருக்கும் இந்த மாதம் 88 சதவீதம். முதல்வர் போன மாதம் 95-ல் இருந்தவர். அவருக்குச் சரிவைக் காட்ட வேண்டும். இரண்டாமவர் ஆறு மாதத்துக்கு முன் 70. அவருக்குத் தேவை ஒரு சபாஷ். அவரிடம் போய், ‘டாப் 10 சதவீதம் பேர் 96-ல் இருக்கிறார்கள்’ என்றால் எரிச்சல்தான் வரும். மூன்றாமவர் எப்போதுமே 88. அவரிடம்தான் அந்த 96-ஐக் காட்ட வேண்டும்.

மென்பொருள் பதிவேட்டிலிருந்து கணக்கெடுத்து, சரிவா, ஏற்றமா, சக டாக்டர்களோடு இடைவெளியா என்று பார்க்கிறது. எந்த நிலையில் எந்தத் தகவல் ஆளை உந்தும் என்ற உளவியல் அறிவு அதற்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பல அளவுகோல்களில் ஒன்றைப் பொறுக்கி, ஒரு செய்தியையும் அதற்கேற்ற வரைபடத்தையும் மெயிலின் தலையில் வைக்கிறது.

சிக்கல் இல்லையா?

இருக்கிறது. ஐந்தே கேஸ் பார்த்தவர் ஒன்றைத் தவறவிட்டால் 80 சதவீதம். அதைச் சரிவு என்று அலறும் மென்பொருளை இரண்டாம் மாதம் யாரும் திறக்க மாட்டார்கள். சொல்ல உருப்படியாக எதுவும் இல்லாத மாதத்தில் வாயை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரிய வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, இந்த மெயிலை வேறு யார் பார்க்கிறார்கள் என்பது. கற்றுக்கொள்ள வந்த கணக்கு சம்பள உயர்வுக் கூட்டத்துக்குப் போனால், டாக்டர் திருத்துவது சிகிச்சையை அல்ல, பதிவேட்டை! இந்த இரண்டையும் பிரித்து வைக்காத எந்த மருத்துவமனையிலும், என் பார்வையில், எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளும் வீண்தான்.

பதிவேடும் பொய் சொல்லும். மருந்து கொடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் பதியாமல் விட்டால், கணக்கில் அது ‘கொடுக்கவில்லை’தான். ஆகவே குறைந்த சதவீதத்தைப் பார்த்ததும் எந்த டாக்டரும் கேட்பது ஒன்றைத்தான்: ‘எந்த கேஸ்?’ எம்.பி.ஓ.ஜி. மெயிலில் லிங்க்கைத் தட்டினால், அளவுகோலில் தவறிய கேஸ்களையே திறந்து பார்க்கலாம்.